சனி, ஞாயிறில் கைவிட்ட மெஷின்

செகண்ட் ரிவ்யூவுக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு. லேப்டாப்பை ஆன் பண்றீங்க. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருது, டிஸ்க் கிடைக்கவில்லை என்று. காதைக் கிட்ட வச்சுக் கேட்டா உள்ளே இருந்து டக், டக் என்று ஒரு சத்தம். கற்பனை இல்லை, எங்க பேட்ச்ல ஒரு டீமுக்கு நிஜமாவே நடந்தது. கோட், டேட்டாசெட், சர்க்யூட் டயகிராம், ரிப்போர்ட் எல்லாம் அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்ல. மூணு பேரோட ப்ராஜெக்ட், ஒரே ஒரு காப்பி. கைடு முன்னாடி போய் நின்னப்போ அவங்க முகத்தை நீங்க பார்த்திருந்தா, நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

கிட்டத்தட்ட அதே முகத்தோடு 1947 வாக்கில் நியூயார்க்கில் ஒரு திங்கட்கிழமை காலை ஒரு மனுஷர் நின்றிருக்கிறார். அவர் பேர் ரிச்சர்ட் ஹாமிங். பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? டிஜிட்டல் கம்யூனிகேஷன்ல ஹாமிங் கோட், டி.எஸ்.பி-யில ஹாமிங் விண்டோ, கோடிங் தியரியில ஹாமிங் டிஸ்டன்ஸ். பதிமூணு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணிட்டு எக்ஸாம் ஹால் வாசல்லயே மறந்துட்டு வர்ற பேர். நானும் அப்படித்தான் மறந்திருந்தேன். அந்த டக் டக் சத்தத்துக்கு அப்புறம்தான் இவர் யாருன்னு உட்கார்ந்து படிச்சேன்.

ஹாமிங் 1915 பிப்ரவரி 11 அன்று சிகாகோவில் பிறந்தார். அவருக்கு இன்ஜினியரிங் படிக்கத்தான் ஆசை. ஆனா அது அமெரிக்காவே பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த காலம். கையில் காசு இல்லை. ஸ்காலர்ஷிப் கொடுக்க முன்வந்தது சிகாகோ பல்கலைக்கழகம் மட்டும்தான், அங்கே இன்ஜினியரிங் துறையே கிடையாது. அதனால் கணிதத்தில் சேர்ந்தார். நம்மள்ல பாதிப் பேர் வேற ஏதோ படிக்க ஆசைப்பட்டு இன்ஜினியரிங்ல வந்து விழுந்தவங்க. இவர் கதை அப்படியே தலைகீழ். பின்னாளில் அவர் இதை நினைத்து வருத்தப்படவில்லை. இன்ஜினியர் ஆகியிருந்தால் மேன்ஹோலுக்குள் இறங்குகிற வேலைதான் கிடைத்திருக்கும், ஆராய்ச்சியோட விறுவிறுப்பு கிடைத்திருக்காது என்று சொல்வாராம். கொஞ்சம் வலிக்குது, இல்ல? 1937-ல பட்டம், 1939-ல நெப்ராஸ்காவில் முதுகலை, 1942-ல இல்லினாயில் டாக்டர் பட்டம். அதே வருஷம் வாண்டா லிட்டிலைத் திருமணம் செய்துகொண்டார்.

1945 ஏப்ரலில் லாஸ் அலமோஸ் போகிறார். ஆமாம், அணுகுண்டு செய்த அதே இடம். ஹான்ஸ் பெத்தே தலைமையில் இருந்த பிரிவில், ஐ.பி.எம் கணக்குப் போடும் மெஷின்களை ஓட வைப்பது அவர் வேலை. சமன்பாடுகளை இயற்பியல் ஆட்கள் எழுதித் தருவார்கள், அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி உடைத்துக் கொடுத்து, அது நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தன்னைக் கம்ப்யூட்டர் துப்புரவுப் பணியாளர் என்றே அவர் சொல்லிக்கொண்டார். வாண்டாவும் அங்கேயே கணக்குப் போடுபவராக வேலைக்குச் சேர்ந்தார். அப்போ கம்ப்யூட்டர் என்ற சொல் மெஷினைவிட மனுஷர்களைத்தான் அதிகம் குறிச்சுது.

அங்கே நடந்த ஒரு விஷயத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லை. முதல் குண்டுச் சோதனைக்குக் கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தர் வந்து, ஒரு கணக்கைச் சரிபார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். யாராவது ஜூனியர்கிட்ட தள்ளிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே, என்ன கணக்கு என்று கேட்டார் ஹாமிங். குண்டு வெடிக்கும்போது பூமியின் வளிமண்டலம் முழுக்கத் தீப்பிடிக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்கிற கணக்கு. தானே உட்கார்ந்து சரிபார்த்தார். கூட்டல் கழித்தல் எல்லாம் சரிதான், ஆனால் உள்ளே போட்டிருக்கும் ஃபார்முலா சரியா என்று எனக்குத் தெரியாது என்றார் மறுநாள். வந்தவர், நான் கேட்டது கணக்கைத்தான், இயற்பியலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஹாமிங் வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்ட ஒரு நண்பர் சொன்ன ஆறுதல் என்ன தெரியுமா? கவலைப்படாதே, உன்னைக் குறை சொல்ல யாரும் மிச்சம் இருக்க மாட்டார்கள் என்கிற அர்த்தத்தில் ஒரு பதில். ஒரு கணக்கில் தப்பு இருக்கிறதா என்கிற கேள்வி அவரை அங்கேதான் முதலில் பிடித்தது என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம் மட்டும்தான்.

1946-ல பெல் லேப்ஸ் வேலைக்கு நியூ ஜெர்சி கிளம்பினார். அந்தப் பயணத்துக்காக லாஸ் அலமோஸில் கூட வேலை செய்த கிளாஸ் ஃபுக்ஸ் என்பவரின் பழைய காரை வாங்கினார். சில வருஷம் கழித்து அதை விற்றார். விற்ற சில வாரங்களிலேயே ஃபுக்ஸ் சோவியத் உளவாளி என்று தெரியவந்தது. எஃப்.பி.ஐ ஆட்கள் ஹாமிங்கை விசாரிக்க வந்துவிட்டார்கள். நம்ம கதைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, சொல்லாம விட மனசு வரலை.

பெல் லேப்ஸில் கிளாட் ஷானனோடு கொஞ்ச காலம் ஒரே அறையில் இருந்தார். அங்கே மாடல் 5 என்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. டிரான்சிஸ்டர் கிடையாது, எல்லாமே ரிலே. நம்ம எலக்ட்ரிக்கல் லேப்ல டக் என்று அடிக்குமே, அதே ரிலேதான். அதில் சுமார் 9,000 ரிலே, மொத்த எடை 10 டன். ரிலே என்பது அசையும் பாகம். கான்டாக்டில் தூசி உட்கார்ந்தாலே போதும், ஒன்று வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வரும். அதை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரியும். அதனால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஐந்து ரிலே வைத்து, அதில் சரியாக இரண்டு மட்டும் ஆன் ஆக வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். ஐந்தில் இரண்டை எடுக்க பத்து வழி, பத்து இலக்கம். கணக்கு கச்சிதமா பொருந்துது பாருங்க. மூணு ஆன் ஆனாலோ, ஒண்ணு மட்டும் ஆனாலோ, எங்கேயோ கோளாறு என்று மெஷினுக்கே தெரிந்துவிடும்.

தெரிஞ்சு என்ன செய்யும்? பகலில் என்றால் ஆபரேட்டர்கள் வந்து சரி செய்வார்கள். ஆள் இல்லாத நேரத்தில் அதே ஸ்டெப்பை மூணு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கும். முடியலைன்னா அந்தக் கணக்கை அப்படியே கைவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளும்.

புதுசாக வந்த ஹாமிங்குக்கு மெஷின் கிடைத்தது வார இறுதியில் மட்டும்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் திங்கட்கிழமை காலை வரை. நண்பர்கள் கொடுத்த கணக்குகளை எல்லாம் டேப்பில் ஏற்றி வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை விடை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெள்ளி இரவு அவர் கிளம்பினதுமே கோளாறு வந்து, மெஷின் ஒவ்வொரு கணக்காகக் கைவிட்டிருந்தது. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, அடுத்த செவ்வாய் நிச்சயம் என்றார். அடுத்த வாரமும் அதேதான்.

இந்த இடத்தில் நாமா இருந்தா என்ன பண்ணியிருப்போம்? மெஷினைத் திட்டியிருப்போம். அவரும் திட்டினார். ஆனால் அந்தக் கோபத்திலேயே ஒரு கேள்வியும் வந்தது. தப்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மெஷினுக்கு, தப்பு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க ஏன் தெரியக் கூடாது? பைனரியில் இடம் தெரிந்தால் போதும், அந்த பிட்டைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடுமே.

ஒரு வழி எல்லாருக்கும் தோன்றுவதுதான். எல்லாவற்றையும் மூணு தடவை எழுதி, இரண்டு பேர் சொல்வதை எடுத்துக்கொள்வது. மூணு மடங்கு இடம் வேண்டும், வீண். அடுத்து, பிட்டுகளைக் கட்டம் மாதிரி அடுக்கி ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பேரிட்டி, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு பேரிட்டி. எந்த வரிசையும் எந்த நெடுவரிசையும் சண்டை போடுதோ, அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் குற்றவாளி. இது பரவாயில்லை. ஆனால் இதுதான் சிறந்ததா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். அதிகாலை இருட்டில் ஆபீஸ் தபால் வண்டியில் நியூயார்க் போகும்போது வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது. அந்த மாதிரிப் பயணத்தில் யோசித்து யோசித்து, செவ்வகத்தில் இருந்து முக்கோணம், முக்கோணத்தில் இருந்து கனசதுரம், அங்கிருந்து இன்னும் அதிகப் பரிமாணங்கள் என்று போய் கடைசியில் வந்து சேர்ந்ததுதான் நம்ம சிலபஸில் இருக்கும் கோட்.

பேப்பரை எடுத்துக்கோங்க, ஒரு தடவை போட்டுப் பார்த்துடுவோம். ஏழு இடம் போடுங்க. 1, 2, 4 ஆகிய இடங்கள் செக் பிட். மீதி 3, 5, 6, 7-ல் நம்ம டேட்டா. டேட்டா 1011 என்று வைத்துக்கொண்டால், 3-ல் 1, 5-ல் 0, 6-ல் 1, 7-ல் 1. முதல் செக் 1, 3, 5, 7 இடங்களைப் பார்க்கும். இரண்டாவது 2, 3, 6, 7. மூன்றாவது 4, 5, 6, 7. ஒவ்வொரு குழுவிலும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வருமாறு செக் பிட்டை நிரப்புங்க. 0110011 என்று வரும். இப்போ ஆறாவது பிட்டை யாரோ கெடுத்துட்டாங்க, 0110001 ஆகிடுச்சு. திரும்ப மூணு செக்கும் போடுங்க. முதல் குழு சரி. இரண்டாவது தப்பு. மூன்றாவது தப்பு. தப்பான குழுக்களின் செக் பிட் இருக்கும் இடம் 2-ம் 4-ம். கூட்டினால் 6. தப்பு நடந்த இடத்தோட எண்ணை மெஷினே சொல்லிடுச்சு! மூணு வருஷம் முன்னாடி கிளாஸ்ல இதைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணும் தோணலை. இப்போ போட்டுப் பார்த்தப்போ சின்னதா ஒரு சிலிர்ப்பு வந்தது நிஜம்.

பிட் கூடக் கூட இது இன்னும் மலிவாகிறது. 7 செக் பிட் இருந்தால் 120 டேட்டா பிட்டைக் காப்பாற்றலாம்.

ஷானன் 1948-ல வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இந்த ஏழு பிட் கோடை ஹாமிங் பேர் சொல்லி உதாரணமாகக் காட்டியிருந்தார். ஹாமிங்கின் சொந்தக் கட்டுரை வர 1950 ஏப்ரல் ஆகிவிட்டது. பேட்டன்ட் வேலை முடியும்வரை பெல் லேப்ஸ் நிறுத்தி வைத்திருந்தது. கணித ஃபார்முலாவுக்கு யாராவது பேட்டன்ட் தருவார்களா என்று ஹாமிங்குக்கே நம்பிக்கை இல்லை, ஆனால் கிடைத்தது. இதற்கிடையில் 1949-ல மார்செல் கோலே ஒரு சின்னக் குறிப்பில் இதையும் இதற்கு மேலேயும் எழுதி வெளியிட்டுவிட்டார். யார் முதல் என்று இன்னிக்கும் பேச ஆட்கள் உண்டு.

இப்போ உங்க கைக்கு வருவோம். சர்வர்களில் போடும் இ.சி.சி ரேமில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 செக் பிட் இருக்கும். அடிப்படை இதே யோசனைதான். ஒரு பிட் கெட்டால் திருத்தும், இரண்டு கெட்டால் குறைந்தது சொல்லிவிடும். ஹார்ட் டிஸ்கின் ஒவ்வொரு செக்டாருக்குப் பின்னாலும், எஸ்.எஸ்.டி-யின் ஒவ்வொரு பேஜுக்குப் பின்னாலும் இதைவிடப் பெரிய திருத்தும் கோட்கள் ஓடுது. மூலை கிழிஞ்ச க்யூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணி டீக்கடையில் காசு அனுப்புறீங்களே, அது 1960-ல ரீடும் சாலமனும் கொண்டுவந்த கோட். எல்லாம் அந்தப் பாழான இரண்டு வார இறுதிக்கு அப்புறம் வந்தவை.

அப்போ எங்க பேட்ச் டீமோட டிஸ்க் ஏன் செத்துது? அதுக்குள்ளயும் இந்த கோட் இருந்ததுதானே?

இருந்தது. ஆனால் ஹாமிங் கோட் காப்பாற்றுவது பிட்டை, பெட்டியை இல்லை. அந்தக் கோட் திருத்துவது ஒரு நேரத்தில் ஒரு பிட் தப்பை மட்டும்தான். ஏழு பிட் கோடில் இரண்டு பிட் ஒரே நேரத்தில் கெட்டால் அது மூணாவதாக ஒரு நல்ல பிட்டைத் திருப்பிப் போட்டு, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். டிஸ்கின் ஹெட் போயிடுச்சு, கன்ட்ரோலர் எரிஞ்சுடுச்சு என்றால் திருத்த எதுவும் மிச்சம் இல்லை. எஸ்.எஸ்.டி இன்னும் மோசம், டக் டக் என்று முன்கூட்டியே சொல்லக்கூட செய்யாது. நேத்து ராத்திரி நல்லா இருக்கும், காலையில் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு டிரைவே தெரியாது.

அதனால் தப்பு நடக்கும் அளவு பெரிசாகும்போது, காப்பியையும் அதே அளவுக்குத் தள்ளி வைக்கணும். லேப்டாப்பில் ஒரே டிஸ்கில் இரண்டு ஃபோல்டர் என்றால் அது காப்பியே இல்லை. எக்ஸ்டர்னல் டிஸ்கை வாங்கி லேப்டாப் பையிலேயே வைத்தால், பஸ்ஸில் பை போனால் இரண்டும் சேர்ந்து போகும். பென் டிரைவ் ரிவ்யூ ஹாலுக்குக் கொண்டுபோக நல்லது, வருஷக்கணக்கில் நம்பி வைக்க இல்லை. அதில் இருப்பது மின்னூட்டம், மெல்லக் கசியும். ரெய்டு போட்டிருக்கேன் என்று சில சீனியர்கள் பெருமை பேசுவாங்க. ரெய்டு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், நீங்களே தப்பான ஃபோல்டரை அழிச்சா எல்லா டிஸ்க்லயும் ஒழுங்கா அழிச்சுக் கொடுக்கும். கிளவுடில் சிங்க் ஆகிற ஃபோல்டரும் அப்படித்தான், பழைய வெர்ஷனை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று ஒரு தடவை பார்த்துக்கோங்க. நான் இப்போ வைத்திருப்பது இதுதான்: லேப்டாப்பில் ஒன்று, வீட்டில் அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஒன்று, நெட்டில் ஒன்று. மாசம் ஒரு தடவை ஏதாவது ஒரு ஃபைலை அந்தக் காப்பியில் இருந்து திறந்தும் பார்க்கிறேன். திறந்து பார்க்காத பேக்கப் இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?

அந்த டீம் தப்பிச்சது எப்படின்னு கேட்கறீங்களா? அவங்கள்ல ஒருத்தி போன மாசம் ரிப்போர்ட் டிராஃப்டை கைடுக்கு மெயில் பண்ணியிருந்தா. அதில் அப்பெண்டிக்ஸாகப் பாதி கோட் இருந்தது. நாலு நாள் தூங்காமல் மீதியைத் திரும்ப எழுதினாங்க.

சரி, ஹாமிங்குக்குத் திரும்புவோம். 1968-ல டூரிங் விருது, அந்த விருதைப் பெற்ற மூன்றாவது ஆள். பெல் லேப்ஸில் அவர் எல்லோருக்கும் பிடித்தவர் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரத்தில் வேதியியல் ஆட்கள் மேஜையில் போய் உட்கார்ந்து, உங்கள் துறையில் முக்கியமான பிரச்சினைகள் எவை என்று கேட்பார். அடுத்த வாரம், அதில் எதில் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்பார். அதற்கும் அடுத்த கேள்வி, முக்கியமில்லாததில் ஏன் வேலை செய்கிறீர்கள். அதுக்கப்புறம் அந்த மேஜையில் அவருக்கு வரவேற்பு இல்லை. இதை அவரே 1986-ல ஒரு பேச்சில் சிரித்துக்கொண்டே சொன்னார். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பெரிய விஷயங்களை மட்டும் யோசிப்பேன் என்றும் அதில் சொல்கிறார். ப்ளேஸ்மென்ட் சீசனில் அதைப் படிச்சா தூக்கம் போயிடும், நான் படிச்சுட்டு இரண்டு நாள் எரிச்சலாகவே இருந்தேன்.

அந்தப் பேச்சில் எனக்கு ஒத்துக்கொள்ள முடியாத ஒன்று உண்டு. வேலைக்காகச் சில நேரம் மனைவியைக் கவனிக்காமல் விட்டேன் என்று, ஏதோ கொடுக்க வேண்டிய விலை மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார். லாஸ் அலமோஸில் அவரைப் போலவே கணக்குப் போட்டவர் வாண்டா. அவருக்கும் வெள்ளிக்கிழமை மதியங்கள் இருந்திருக்கும்.

1976-ல பெல் லேப்ஸை விட்டு, கலிபோர்னியாவில் மான்டரேயில் உள்ள கடற்படை முதுகலைப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போனார். அங்கே இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பு எடுத்தார். அந்தப் பாடங்களைத் தொகுத்த புத்தகம் 1997-ல வந்தது. மாடல் 5-ம் அந்த இரண்டு திங்கட்கிழமைகளும் அதிலும் இருக்கு, அப்போதும் கோபம் முழுசா ஆறினதாகத் தெரியலை. 1997 டிசம்பர் வரை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். 1998 ஜனவரி 7 அன்று மாரடைப்பில் காலமானார், அப்போது அவருக்கு வயது 82.